பயணிப் பெட்டியின் அளவுகள்: தமிழகத்து ரயில் பெட்டிகளும் அவற்றின் மாதிரி வடிவங்களும்

தென்னிந்திய ரயில் வரலாற்றை எழுதியவர்களின் கவனம் பெரும்பாலும் எஞ்சின்களிலும் பாலங்களிலும் நிலையக் கட்டடங்களிலும் நின்றுவிட்டது. ஓய்வுபெற்ற நீராவி எஞ்சின் ஒன்று நிலைய வாசலில் மேடை கட்டி வண்ணம் பூசி நிறுத்தப்படுகிறது. அதே எஞ்சின் இழுத்துச் சென்ற பெட்டிகளோ, காலம் முடிந்ததும் உடைக்கப்பட்டு, மரம் விறகாகவும் இரும்பு எடைக்கும் போய்விடுகின்றன. ரயிலில் ஏறிய மக்கள் எஞ்சினைப் பார்த்தது சில நிமிடங்களே, பெட்டிக்குள் இருந்ததோ இரவும் பகலும். இருக்கையின் அகலம், சன்னலின் உயரம், கதவுகளின் எண்ணிக்கை, விளக்கு, கழிப்பறை ஆகிய ஒவ்வொன்றும் ஒரு காலத்து நிர்வாகம் தன் பயணியை எவ்வாறு மதித்தது என்பதைச் சொல்லும் சான்றாகும். அச்சான்றைப் படிப்பதற்கும், அழிந்த பெட்டியை அளவு குறைத்து மீண்டும் உருவாக்கிப் பார்ப்பதற்கும் உள்ள தொடர்பை ஆராய்வதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

காஞ்சிபுரம் வட்டாரத்து ஊர்களுக்கு இப்பொருள் தொலைவானதன்று. அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு 1865இல் இந்தியன் டிராம்வே கம்பெனி போட்ட பாதை இந்திய ரயில் வரலாற்றில் தனித்து நிற்பது. தண்டவாளங்கள் இரண்டின் உட்புற விளிம்புகளுக்கு இடைப்பட்ட தூரம் பாதையகலம், அதாவது கேஜ், எனப்படும். அப்போது இந்தியாவின் பெரும்பாதைகள் அனைத்தும் 5 அடி 6 அங்குல அகலத்தில் அமைந்துகொண்டிருக்க, ஏறத்தாழ 19 மைல் நீளமுள்ள காஞ்சிபுரம் பாதை மட்டும் செலவைக் குறைப்பதற்காக 3 அடி 6 அங்குல அகலத்தில் போடப்பட்டது. நார்வே நாட்டில் கார்ல் பில் என்ற பொறியாளர் அதே அகலத்தில் 1862இல் பாதை திறந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதை நினைத்தால், அந்நாளில் உலகப் பொறியியலில் மிகப் புதிதாக இருந்த ஒரு சோதனை கோயில் நகரமும் நெசவு நகரமுமான காஞ்சிக்கு எவ்வளவு விரைவாக வந்துசேர்ந்தது என்பது புலப்படும். இப்பாதை கர்நாடிக் ரயில்வே என்ற பெயருக்கு மாறி, 1874இல் கிரேட் சதர்ன் ஆப் இந்தியா ரயில்வேயுடன் இணைந்து தென்னிந்திய ரயில்வேயாயிற்று. 1878இல் மீட்டர் அகலத்துக்கு மாற்றப்பட்டு, பின்னர் செங்கல்பட்டு வரை நீண்டு, நம் காலத்தில் அகலப்பாதையாகிவிட்டது. ஒரே வழித்தடத்தில் மூன்று பாதையகலங்கள் அடுத்தடுத்து வந்துபோயின என்றால், மூன்று வகைப் பயணிப் பெட்டிகளும் வந்துபோயின என்று பொருள்.

பாதையகலத்தை முடிவு செய்ததில் பெட்டிக்கு இருந்த பங்கு பலரும் அறியாதது. இந்தியாவின் கவர்னர்-ஜெனரலாக இருந்த தல்ஹௌசி பிரபு இங்குள்ள பாதைகளுக்கு 6 அடி அகலத்தை விரும்பினார். பலரின் கருத்துகள் மோதியபின் 5 அடி 6 அங்குலம் நிலைத்தது. அயர்லாந்திலும் இதே குழப்பம் நேர்ந்தது. அங்கே ஒரு நிறுவனம் 6 அடி 2 அங்குலத்திலும், மற்றொன்று 5 அடி 2 அங்குலத்திலும், 1834இல் திறக்கப்பட்ட டப்ளின்–கிங்ஸ்டவுன் பாதை 4 அடி 8½ அங்குலத்திலும் அமைந்திருக்க, அவற்றுக்கு நடுவாக 5 அடி 3 அங்குலம் தேர்ந்து சட்டமாக்கப்பட்டது. அந்த அயர்லாந்தின் டப்ளினில் பிறந்த மேயோ பிரபுதான் வைஸ்ராயாக இருந்தபோது 1870இல் இந்தியாவுக்கு மீட்டர் பாதையைத் தந்தவர். நான்கு பேர் வரிசையாக உட்கார்வதற்கு 6 அடி 6 அங்குல அகலமுள்ள பெட்டி வேண்டும், பாதையகலம் பெட்டியகலத்தில் பாதியாவது இருக்க வேண்டும், ஆகவே 3 அடி 3 அங்குலம் போதும் என்று அவர் கணக்கிட்டதாகக் கூறப்படுகிறது. மெட்ரிக் அளவைமுறையைக் கொண்டுவரும் எண்ணம் அரசுக்கு அப்போது இருந்ததால் அது ஒரு மீட்டராக முழுமையாக்கப்பட்டது. நான்கு பயணிகளின் தோள் அகலத்திலிருந்து ஒரு நாட்டின் ஆயிரக்கணக்கான மைல் இருப்புப்பாதை பிறந்தது என்பது வரலாற்றில் அரிதான செய்தி. பின்னாளில் பொறியாளர்கள் அதே பாதையின் மேல் 2.745 மீட்டர், அதாவது 9 அடி, அகலமுள்ள பெட்டிகளை ஓடவிட்டார்கள். பாதையைப் போல் 2.7 மடங்கு அகலமான பெட்டி அது. அகலப்பாதைப் பெட்டியோ தன் பாதையைப் போல் இரண்டு மடங்குக்கும் சற்றுக் குறைவே. மீட்டர் பாதை வண்டிகளுக்கு இருந்த, இரு புறமும் தண்டவாளத்தைத் தாண்டி நீண்டு நின்ற அந்தத் தனித் தோற்றத்துக்கு இந்த விகிதமே காரணம்.

சென்னை மாகாணத்தின் முதல் பயணி ரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. அதற்கான பெட்டிகளைச் செய்தது சிம்ப்சன் நிறுவனம். 1840இல் குதிரை வண்டிகள் கட்டும் தொழிலாகத் தொடங்கிய அந்நிறுவனத்திடம் ரயில் பெட்டிப் பணி சென்றதில் வியப்பில்லை. முதல் தலைமுறை ரயில் பெட்டி என்பது பெரும்பாலும், கோச்சு வண்டியின் உடல்களை ஒன்றையடுத்து ஒன்றாக ஒரே அடிச்சட்டத்தின் மேல் வைத்ததுதான். ஒவ்வோர் அறைக்கும் இரு புறமும் தனிக் கதவு, ஒன்றையொன்று பார்த்த இரு பலகை இருக்கைகள், அறையிலிருந்து அறைக்குப் போக வழியின்மை ஆகியவை அவற்றின் இலக்கணம். அடியில் நான்கே சக்கரங்கள் இருந்ததால் பெட்டியின் நீளம் கட்டுப்பட்டது. நீளம் கூடினால் வளைவில் சக்கரம் தண்டவாளத்தோடு உராயும்.

உடல் தேக்கு மரத்தால் ஆனது. தேக்குக்கு எண்ணெய்ப் பசை இயல்பிலேயே உண்டு. கரையான் எளிதில் அண்டாது. வெயிலிலும் மழையிலும் மற்ற மரங்கள் அளவுக்குச் சுருங்கி விரியாது. மரப்பலகையின் அகலத்துக்கு எல்லை இருந்ததால் பக்கச் சுவர் பல சிறு பலகைத் துண்டுகளால் மூடப்பட்டு, அவற்றின் இணைப்புகள் மேல் மெல்லிய மரச்சட்டம் அறையப்பட்டது. பழைய பெட்டிகளின் பக்கங்களில் அழகுக்காகக் கட்டம் கட்டமாக வகுத்தது போலத் தோன்றுவது உண்மையில் மழைநீர் புகாமல் காப்பதற்காக அமைந்தது. தச்சரின் தேவை அலங்காரமாகவும் கண்ணுக்குப் படுகிறது என்பதே அவ்வேலையின் சிறப்பு.

வகுப்புப் பிரிவினை இப்பெட்டிகளில் கடுமையாக இருந்தது. முதல் வகுப்பில் மெத்தையும் கண்ணாடியும். மூன்றாம் வகுப்பில் மரப்பலகையும் மரச் சன்னல் தடுப்பும். ரயில்வேக்களின் வருவாயில் பெரும்பகுதியைத் தந்தவர்கள் மூன்றாம் வகுப்பினரே. அவர்களுக்கெனச் செலவிட்டது மிகக் குறைவு. பெட்டிக்குள் கழிப்பறை முதலில் மேல் வகுப்புகளுக்கே கிடைத்தது. எளிய பயணி நிலையத்தில் இறங்கி ஓடி, வண்டி புறப்படுமுன் திரும்பி ஏறவேண்டியிருந்தது. காந்தியடிகள் 1917இல் மூன்றாம் வகுப்புப் பயணத்தைப் பற்றித் தனியே எழுதி வெளியிட்ட நூல் இந்த அவலத்தின் ஆவணம். மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974இல்தான் நீங்கியது. பெட்டி வரலாறு என்பது பொறியியல் வரலாறு மட்டுமன்று என்று கொள்ள இதுவே போதிய காரணம்.

நிறுத்துக்கருவியின் கதையில் அயர்லாந்து மீண்டும் வருகிறது. தொடக்கத்தில் எஞ்சினிலும் கடைசியில் கார்டு வண்டியிலும் மட்டுமே பிரேக் இருந்தது. இடையில் உள்ள பெட்டிகள் தம் போக்கில் உருண்டன. 1889 ஜூன் 12 அன்று ஆர்மா நகருக்கு அருகே, ஞாயிறு பள்ளிக் குழந்தைகளும் பெற்றோரும் சென்ற உல்லாச வண்டி ஏற்றத்தில் நின்றுபோக, அதை இரண்டாகப் பிரித்து முன்பாதியை மட்டும் இழுத்துச்செல்ல முயன்றபோது, பிரித்த பின்பாதி சரிவில் பின்னோக்கி உருண்டு அடுத்து வந்த வண்டியின் மேல் மோதியது. ஏறத்தாழ 80 பேர் மாண்டனர். அந்த வண்டியில் வெற்றிட பிரேக் இருந்தது. ஆனால் குழாய் துண்டிக்கப்பட்டவுடன் தானே இறுகும் வகை அதுவன்று. அவ்வாண்டே இங்கிலாந்து, அயர்லாந்து ரயில்வேக்கள் அனைத்துக்கும் தானியங்கித் தொடர் பிரேக் கட்டாயமாக்கப்பட்டது. அதன் முறை இது: எல்லாப் பெட்டிகளையும் இணைக்கும் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி வெற்றிடம் நிலவச் செய்தால் பிரேக் தளர்ந்திருக்கும், குழாய் அறுந்தாலோ பயணி சங்கிலியை இழுத்தாலோ வெளிக்காற்று உள்ளே புகுந்து, ஒவ்வொரு பெட்டியின் பிரேக்கும் தானே இறுகும். இந்திய ரயில்களும் நெடுங்காலம் இம்முறையையே பின்பற்றின. வெற்றிடத்தின் விசை வளிமண்டல அழுத்தத்தைத் தாண்ட முடியாது என்பதால், நீளமும் வேகமும் கூடிய வண்டிகளுக்கு அழுத்தக் காற்று பிரேக் வந்தது. 1990களில் அரக்கு நிறப் பெட்டிகள் நீல நிறத்துக்கு மாறியது இம்மாற்றத்தை ஒட்டியே.

நான்கு சக்கர வண்டியிலிருந்து நீண்ட பெட்டிக்குப் போக வழி திறந்தது போகி. பேச்சு வழக்கில் முழுப்பெட்டியும் அப்பெயரால் குறிக்கப்பட்டாலும், பொறியியலில் போகி என்பது பெட்டியின் இரு முனைகளிலும் அடியில் தனித்தனியே திரும்பக்கூடிய சக்கரச்சட்டம். பெட்டி நேராக இருக்க, வளைவை ஒட்டித் திரும்பும் பொறுப்பை இச்சட்டம் ஏற்றுக்கொள்ளும். இதனால் பெட்டி நீண்டது, நடைவழி வந்தது, கழிப்பறைக்கு இடம் கிடைத்தது. ஆனாலும் இரும்பு அடிச்சட்டத்தின் மேல் மரவுடல் என்ற அமைப்பு மாறவில்லை. அதில்தான் ஆபத்து இருந்தது. மோதலில் ஒரு பெட்டியின் அடிச்சட்டம் மேலேறி அடுத்த பெட்டியின் மரவுடலுக்குள் புகுந்து செல்லும். ஒரு பெட்டி மற்றொன்றுக்குள் செருகிக்கொள்ளும் இந்நிகழ்வே முற்காலத்து விபத்துகளில் உயிரிழப்பைப் பெருக்கியது.

இதற்கு விடையாக வந்ததே சென்னையின் பெரம்பூர்த் தொழிற்சாலை. சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவனத்துடன் 1949இல் ஏற்பட்ட உடன்பாட்டின் விளைவாக அமைந்த இன்டெக்ரல் கோச் பேக்டரியை 1955 அக்டோபர் 2 அன்று ஜவாஹர்லால் நேரு தொடங்கிவைத்தார். அடிச்சட்டம், தளம், பக்கச் சுவர்கள், கூரை, முனைச் சுவர்கள் அனைத்தும் பற்றவைக்கப்பட்டு ஒரே எஃகுக் குழாயாகி, சுமையை எல்லா உறுப்புகளும் பகிர்ந்து தாங்குவதே இவ்வடிவமைப்பின் சாரம். காஞ்சிபுரத்து நெசவாளருக்கு இது புதிய கருத்தன்று: கோர்வைச் சேலையில் உடலும் கரையும் தனித்தனி நாடாவால் நெய்யப்பட்டும், இழையோடு இழை கோத்திருப்பதால் கரை பிரிவதில்லை. மோதலின் விசையை முனைப்பகுதிகளே நசுங்கி உள்வாங்க, நடுவிலிருக்கும் பயணிகள் அறை உருக்குலையாமல் நிற்பதற்கு இந்த ஒருமையே காரணம். எடையும் குறைந்தது. தொடக்கத்தில் தொழிலாளர் ‘ஷெல்’ என்று சொல்லும் வெற்றுக்கூடு மட்டுமே பெரம்பூரில் உருவாயிற்று. இருக்கை, மின்சாரம், குழாய் வேலைகளுக்கான உள்ளமைப்புப் பிரிவு 1962இல் சேர்ந்தது.

முழு எஃகுப் பெட்டி என்ற இம்முடிவின் அருமையை உணர அயர்லாந்தைப் பார்க்கலாம். 1980 ஆகஸ்ட் 1 அன்று பட்டவன்ட் நிலையத்தில் விரைவு வண்டி ஒன்று தவறான பாதையில் திரும்பித் தடம்புரண்டபோது, எஃகு அடிச்சட்டத்தின் மேல் மரச்சட்ட உடல் கொண்ட பழைய பெட்டிகள் சிதைந்து 18 பேர் இறந்தனர். 1983இல் செரிவில் என்ற இடத்தில் மீண்டும் ஒரு மோதல் நேர்ந்தபின், முழு எஃகாலான மார்க் 3 வகைப் பெட்டிகள் அங்கே வந்துசேர்ந்தன. ஐரோப்பிய நாடொன்று 1980கள் வரை முழுமையாக எட்டாத இடத்துக்குப் பெரம்பூர் 1950களிலேயே அடியெடுத்து வைத்திருந்தது. சென்னையின் தொழில் வரலாற்றில் பெருமைப்படத்தக்க செய்திகளுள் இதற்கு முதலிடம் தரலாம்.

பெரம்பூர்ப் பெட்டியின் நீளம் 21.337 மீட்டர், அகலம் 3.245 மீட்டர், இரு போகிகளின் மையங்களுக்கு இடைத்தூரம் 14.783 மீட்டர், ஒரு போகியின் இரு அச்சுகளுக்கு இடைத்தூரம் 2.896 மீட்டர், சக்கர விட்டம் 915 மில்லிமீட்டர். சக்கர அச்சுக்கு மேலுள்ள சுருள்வில்லின் நடுவே எண்ணெய் நிரம்பிய ‘டேஷ்பாட்’ என்னும் குழல் உண்டு. வில் துள்ளும்போது எண்ணெய் சிறு துளைகள் வழியே பிதுங்கி அதிர்வை அடக்கும். இரவுப் பயணத்தில் தமிழ்நாட்டின் ஒரு தலைமுறையைத் தாலாட்டிய அசைவு இந்த எண்ணெய்க் குழலும் வில்லும் சேர்ந்து தந்ததே. இவ்வகைப் பெட்டியின் உற்பத்தி 2018 ஜனவரியில் பெரம்பூரில் நிறைவுற்றது. ஜெர்மனியின் லிங்கே-ஹோஃப்மன்-புஷ் வடிவமைப்பில், 23.54 மீட்டர் நீளமும் வட்டு பிரேக்கும் மோதலில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத நடு இணைப்பியும் கொண்ட பெட்டிகள் அதன் இடத்தைப் பிடித்துள்ளன. அதே ஆண்டில் பெரம்பூர் உருவாக்கிய தனி எஞ்சின் இல்லாத வண்டி 2019 பிப்ரவரியில் வந்தே பாரத் என ஓடத் தொடங்கியது.

மேலே அடுக்கிய எண்கள் வாசகருக்கு வறண்டவையாகத் தோன்றலாம். மாதிரி செய்பவருக்கு அவையே உயிர். மாதிரி வடிவாக்கம் என்பது பொம்மை செய்வதன்று. மெய்ப்பொருளின் ஒவ்வோர் அளவையும் ஒரே எண்ணால் வகுத்து, அந்த விகிதத்தை எங்கும் தளர்த்தாமல் காப்பதாகும். உலகில் பரவலாக வழங்கும் விகிதம் 1:87. இவ்விகிதத்தில் பெரம்பூர்ப் பெட்டி 245 மில்லிமீட்டர் நீளமும் 37 மில்லிமீட்டர் அகலமும் பெறும், சக்கரம் 10.5 மில்லிமீட்டர் ஆகும். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 1:76 வழங்குகிறது.

சிக்கல் பாதையில் எழுகிறது. கடைகளில் கிடைக்கும் மாதிரித் தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர் அகலமுள்ளது. 1:87 விகிதத்தில் அது ஐரோப்பாவின் 4 அடி 8½ அங்குலப் பாதைக்கு மிகச் சரியாகப் பொருந்தும். இந்திய அகலப்பாதைக்கோ 19.3 மில்லிமீட்டர் வேண்டும். ஐரிஷ் பாதைக்கு 1:76இல் 21 மில்லிமீட்டர் தேவை. ஆகவே இரு நாட்டு ஆர்வலர்களும் ஒரே இக்கட்டில் நிற்கிறார்கள்: கிடைக்கும் தண்டவாளத்தில் ஓட்டிப் பெட்டி பாதையைவிட மிதமிஞ்சி அகன்று தெரிவதைப் பொறுத்துக்கொள்வதா, அல்லது தண்டவாளம், சக்கரம், அச்சு எல்லாவற்றையும் தம் கையாலேயே செய்துகொள்வதா? பெரும்பாலோர் முதல் வழியைக் கொள்கிறார்கள். ஓடும் வண்டியைக் காணும் மகிழ்ச்சி அவர்களுக்குப் போதும், அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் ஆவணமாக நிற்கவேண்டிய மாதிரிக்கு இரண்டாம் வழியே தக்கது. பாதையும் பெட்டியும் சேர்ந்த விகிதமே தென்னிந்திய வண்டியின் முகத்தோற்றம். அது தவறினால் வண்ணமும் எழுத்தும் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பெட்டி வேறு நாட்டுடையதாகிவிடும்.

அடுத்த சோதனை சன்னல். நம் பெட்டிகளுக்கே உரிய குறுக்குக் கம்பிகள் 12 மில்லிமீட்டர் தடிமன் என்று கொண்டால் 1:87இல் அவை 0.14 மில்லிமீட்டர் ஆகும். தலைமயிரைவிடச் சிறிதே தடித்த அக்கம்பியை மரத்திலோ நெகிழித் தாளிலோ வெட்ட இயலாது. பித்தளைத் தகட்டில் அமிலத்தால் அரித்து எடுப்பதோ, மெல்லிய செப்புக் கம்பியை வரிசையாக ஒட்டுவதோதான் வழி. கம்பியைத் தடிமனாகச் செய்தால் பெட்டி சிறைக்கூண்டு போலத் தோன்றும். விட்டுவிட்டால் அயல்நாட்டுப் பெட்டியாகும். தேக்குப் பெட்டிக்கு மரச்சட்டக் கட்டங்களும், பெரம்பூர்ப் பெட்டிக்குக் கூரைக் காற்றுப்போக்கிகளும் படிக்கட்டுகளும் டேஷ்பாட் போகியும் இதே அளவு கவனத்தை வேண்டுவன. முப்பரிமாண அச்சுப்பொறி இன்று போகி போன்ற சிக்கலான உறுப்புகளை எளிதாக்கியிருக்கிறது; ஆனால் அச்சிடுவதற்கு முன் வரைபடம் வேண்டும், வரைபடத்துக்கு முன் அளவு வேண்டும்.

இவ்விடத்தில் சிரில் ஃப்ரை என்ற ஐரிஷ் வரைவாளரை நினைவுகூர்வது தகும். டப்ளினின் இன்சிகோர் பணிமனையில் பணியாற்றிய அவர், பணிமனை வரைபடங்களை அடிப்படையாகக் கொண்டு தம் வீட்டிலேயே ஐரிஷ் எஞ்சின்களையும் பெட்டிகளையும் ஆண்டுக்கணக்கில் செய்து சேர்த்தார். மூலப் பெட்டிகள் பல மறைந்தபின் அவருடைய சேகரம் மலஹைட் ஊரில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, அந்நாட்டு ரயில் வரலாற்றின் நம்பத்தக்க சாட்சியாகியிருக்கிறது. இந்தியாவில் புனேயிலுள்ள ஜோஷி சிற்றுரு ரயில் அருங்காட்சியகம் 1998 முதல் இக்கலையைப் பொதுமக்களிடம் கொண்டுசெல்கிறது. சென்னையில் பெரம்பூர்த் தொழிற்சாலையை ஒட்டி 2002இல் திறக்கப்பட்ட ரயில் அருங்காட்சியகத்தில் மெய்யான பெட்டிகளையும் மாதிரிகளையும் ஒரே வளாகத்தில் காணலாம். நீலகிரி மலை ரயில் 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமானதால் அதன் பெட்டிகளின் தோற்றம் காக்கப்படுகிறது. சமவெளியில் ஓடிய மீட்டர் பாதைப் பெட்டிகளுக்கு அத்தகைய காப்பு இல்லை. 1992இல் தொடங்கிய ஒரே பாதைத் திட்டத்தால் தமிழகச் சமவெளியின் மீட்டர் பாதைகள் அகலப்பாதைகளாயின. அது பயணிக்கு நன்மையே. ஆனால் அந்தப் பாதைகளோடு 19.51 மீட்டர் நீளமுள்ள பெட்டிகளும் விரைவாக மறைந்ததும், அவற்றை உடைக்குமுன் ஊருக்கு ஒருவராவது நாடாவும் தாளும் எடுத்துச் சென்று அளந்து வைக்காததும் பெரும் இழப்பு.

அவ்வேலை முற்றிலும் காலங்கடந்துவிடவில்லை. எஞ்சியிருக்கும் பெட்டியொன்றை அளக்க வரும் மாணவர் முதலில் குறிக்கவேண்டியவை முழு நீளம், அகலம், தண்டவாள மேற்பரப்பிலிருந்து கூரை வரையான உயரம், போகி மையத்தூரம் ஆகிய நான்கு. அதன்பின் ஒரு முனையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு சன்னல் விளிம்பும் கதவு விளிம்பும் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதைத் தொடர் அளவாக எழுதவேண்டும். சன்னலுக்குச் சன்னல் தனித்தனியே அளந்து கூட்டினால் சிறு பிழைகள் சேர்ந்து பெரிதாகிவிடும். அளவுகோல் ஒன்றைப் பெட்டியின் மேல் சாய்த்து வைத்து நேர் எதிரே நின்று படம் எடுத்துக்கொண்டால் விடுபட்டவற்றைப் பின்னர் கணக்கிட்டுக்கொள்ளலாம். வண்ணப்பூச்சு உரிந்த இடங்களில் அடியிலுள்ள பழைய வண்ண அடுக்குகளையும் குறித்துக்கொள்வது நல்லது.

காஞ்சிபுரம் பாதையை மாதிரியாக அமைக்க முனைவோருக்கு ஒரு வசதி உண்டு. 1865ஆம் ஆண்டின் 3 அடி 6 அங்குலப் பாதை 1:87 விகிதத்தில் 12.3 மில்லிமீட்டர் ஆகும். 1878ஆம் ஆண்டின் மீட்டர் பாதை 11.5 மில்லிமீட்டர் ஆகும். ஐரோப்பிய மீட்டர் பாதை மாதிரிகளுக்கெனக் கிடைக்கும் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் இவ்விரண்டுக்கும் இடையில், கண்ணுக்குப் புலப்படாத வேறுபாட்டோடு அமைகிறது. ஆகவே அரக்கோணம் முதல் காஞ்சிபுரம் வரையான பாதையின் முதல் இரண்டு காலங்களையும் ஒரே தண்டவாளத்தில் காட்டிவிடலாம். மூன்றாம் காலத்துக்கு மட்டும் 19.3 மில்லிமீட்டர் தண்டவாளத்தைக் கையால் அமைக்கவேண்டியிருக்கும்.